மாதம் ஒரு படம்

லாண்டுட்னோ ஜங்ஷனில் மாறி ஏறும் அந்தச் சின்ன ரயில், கான்வி ஆற்றை ஒட்டியே ஒரு மணி நேரம் ஊர்ந்து போய், கடைசியில் ஒரு நீளமான குகைப்பாதைக்குள் நுழையும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. வெளியே வரும்போது பச்சை எல்லாம் காணாமல் போயிருக்கும். இரண்டு பக்கமும் உடைந்த கல், சாம்பல் நிறத்தில், மலை மலையாக. மழையில் அது கருநீலமாகப் பளபளக்கும். அம்மா ஜன்னல் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "என்னடி இது, ஊரே சிலேட்டா இருக்கு?" என்றாள்.

ஊரே சிலேட்டுதான். வட வேல்ஸில் இருக்கும் பிளைனாய் ஃபெஸ்டினியோக். சுற்றியுள்ள மலைகளைக் குடைந்து, கல்லை மெல்லிய தகடுகளாகப் பிளந்து, உலகத்தின் கூரைகளுக்கு ஏற்றுமதி செய்த ஊர். சைதாப்பேட்டையிலிருந்து முதல் முறையாக என்னிடம் வந்திருந்த அம்மாவுக்குக் காட்ட ஆயிரம் இடம் இருக்கும்போது, இங்கே ஏன் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பார்க்க என்ன இருக்கு என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா. ஒரு மலை. அதுக்குள்ள ஒரு குவாரி. உலகப் போர் நடந்தப்போ லண்டன் மியூசியத்துப் படமெல்லாம் அதுக்குள்ளதான் வச்சிருந்தாங்க. நாலு வருஷம்."

"பத்திரமா இருந்துதா?"

"இருந்துது. எல்லாம் திரும்பிப் போயிடுச்சு."

அம்மா தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஸ்டேஷன் வரும்வரை எதுவும் பேசவில்லை. பத்திரம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் 2015-க்குப் பிறகு யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. இந்தக் குவாரியைப் பற்றி நான் இரண்டு மூன்று வருடமாகத் தேடித் தேடிப் படித்ததற்கும், ஒரு விஷயத்தில் என் கருத்து நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் அதுதான்.

கட்டிலுக்கு அடியில்

டிசம்பர் 1 இரவு. அடையாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தெருவில் சத்தம் கேட்டபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைக் கழுவி வைப்பதற்குள் வாசற்படியில் தண்ணீர். எங்கள் வீடு கீழ்த்தளம். மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கொண்டுவர முடிந்ததை எல்லாம் கொண்டுவாங்க என்றார்கள். மின்சாரம் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் நானும் தம்பியும் ஏறி இறங்கினோம். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, சர்டிபிகேட் ஃபைல், கேஸ் சிலிண்டர், மிக்ஸி, அரிசி மூட்டை, என் லேப்டாப். டிவியை இருவரும் சேர்ந்து தூக்கினோம். அந்த டிவி எங்களுக்கு எட்டு நிமிடமாவது எடுத்திருக்கும். இப்போதும் அந்த எட்டு நிமிடத்தை நினைத்துக்கொள்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்க் பெட்டி இருந்தது. அதற்குள் ஆல்பங்கள், அப்பா எழுதிய கடிதங்கள், பாட்டியின் பழைய படங்கள். அம்மா அதைப் பூட்டியே வைத்திருப்பாள். சின்ன வயதில் பார்க்கக் கேட்டால், கை பட்டால் கறை ஆகிவிடும், பத்திரமாக இருக்கட்டும் என்பாள். பூட்டு, அதன் மேல் ஒரு பழைய போர்வை, அதன் மேல் கட்டில். அதனால்தானோ என்னவோ அந்த இரவில் எங்கள் யாருக்கும் அது நினைவிலேயே வரவில்லை. மூன்று நாள் கழித்து இறங்கி வந்தபோது, சேற்றுக்குள்ளிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தோம். ஆல்பத்தின் பக்கங்களுக்கு நடுவே வெண்ணெய்த் தாள் வைத்திருப்பார்களே, அதைப் பிரித்தபோது முகங்கள் தாளோடு சேர்ந்து உரிந்து வந்தன. அம்மா அழவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

அப்புறம் கல்யாணம், விசா, வட வேல்ஸில் இருக்கும் பாங்கோர் ஊர். இங்கே வந்த இரண்டாவது வருடம், பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபமான பிரிட்சர்ட் ஜோன்ஸ் ஹாலில் ஒரு கச்சேரி. இடைவேளையில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு வேல்ஸ் பாட்டி, 1939-ல் லண்டன் நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடத்தின் படங்களை இந்த மண்டபத்தில்தான் அடுக்கி வைத்திருந்தார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கப் பணம் கொடுத்தவர்களில் குவாரித் தொழிலாளிகள் இருந்தார்கள், வாரக் கூலியிலிருந்து பென்னி பென்னியாகக் கொடுத்தார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார். அந்த இரண்டு செய்தியும் என்னை விடவில்லை. வெள்ளம் வருவதற்கு முன்பே பெட்டியைத் தூக்கியவர்கள் எப்படித் தூக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

பட்டியல் வைத்திருந்தவர்கள்

முதலில் என்னைத் தைத்தது, அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள் என்பது. 1938-ல் மியூனிக் நெருக்கடி வந்தபோதே படங்களைக் கட்டி அனுப்பத் தொடங்கி, போர் இல்லை என்றானதும் திருப்பிக்கொண்டுவந்திருக்கிறார்கள். எது முதலில், எது எந்தப் பெட்டியில், எந்த ரயில் எங்கே போகும் என்று ஒரு வருடம் முன்பே கணக்கு இருந்தது. 1939 ஆகஸ்ட் 23 அன்று கேலரியை மூடினார்கள். செப்டம்பர் 2 அன்று கடைசிப் படங்கள் வெளியேறின. மறுநாள் போர் அறிவிப்பு. பத்து நாளில் ஒரு தேசத்தின் சுவர்கள் காலி. எங்களுக்குப் பத்து நாள் கிடைக்கவில்லைதான். ஆனால் பட்டியல் போடுவதற்கு எங்களுக்கு இருபது வருடம் கிடைத்திருந்தது.

படங்கள் வேல்ஸில் பல இடங்களுக்குப் பிரிந்து போயின. பாங்கோர் மண்டபம், பக்கத்தில் பென்ரின் மாளிகை, அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம், பிறகு கார்நார்வன் கோட்டை. எதுவும் முழு நிம்மதி தரவில்லை. பென்ரின் மாளிகைக்காரர் பெரும்பாலும் குடித்துவிட்டே இருக்கிறார், நாயோடு தடுமாறி உள்ளே வந்தார் என்று, படங்களுக்குப் பொறுப்பாக இருந்த மார்ட்டின் டேவிஸ் கவலையோடு எழுதியிருக்கிறார். (ஸ்லேட்டிலும் ஜமைக்காவின் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பிலும் வந்த பணத்தில் கட்டிய மாளிகை அது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.) 1940 கோடையில் பிரான்ஸ் விழுந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மன் விமானங்களுக்கு இனி வேல்ஸும் எட்டும் தூரம்தான். லிவர்பூலுக்குக் குண்டு போட வருபவர்கள் இந்த வானத்தின் வழியாகத்தான் வருவார்கள்.

படங்களைக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க்குக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்படும் பயம். பிரதமர் சர்ச்சிலிடம் போனது. குகையில் வையுங்கள், நிலவறையில் வையுங்கள், ஒரு படம்கூட இந்தத் தீவை விட்டுப் போகக்கூடாது என்று பதில் வந்தது. சர்ச்சிலைப் பற்றி, 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி, எனக்கு வேறு நினைவுகள் உண்டு. அந்த மனிதரின் எந்த வாக்கியத்தையும் பாராட்டிச் சொல்ல என் வாய் வராது. ஆனால் அந்தப் பதிலிலிருந்துதான் மனோட் குவாரி வந்தது.

மலைக்குள் செங்கல் வீடுகள்

குவாரியைக் கண்டுபிடித்தவர் கேலரியின் அறிவியல் ஆலோசகர் இயன் ராலின்ஸ். படங்களைப் போலவே ரயில்களின் மேலும் பெரும் பிரியம் கொண்ட மனிதர். பிளைனாய்க்கு மேலே, மனோட் மலையின் உயரத்தில் ஒரு ஸ்லேட் குவாரி. உள்ளே கோயில் மண்டபம் போலப் பெரிய பெரிய குடைவுகள். தலைக்கு மேல் இருநூறு அடிக்குக் குறையாத பாறை. எந்தக் குண்டும் அதைத் துளைக்காது. ஆனால் வாசல் ஆள் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அதை வெடி வைத்துப் பெரிதாக்கினார்கள். உள்ளே, பாறைக் கூரையின் கீழே, செங்கல் வைத்துத் தனித்தனிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். அதாவது மலைக்குள் வீடு, வீட்டுக்குள் படம். படங்களை நகர்த்தக் குறுகிய தண்டவாளம் போட்டு, மூடிய சிறு வண்டிகளை ஓடவிட்டார்கள். 1941 கோடையின் கடைசியில் படங்கள் மலையேறின.

இரண்டு படங்கள் மட்டும் பெரிய தலைவலி. ஒன்று, குதிரை மேல் அமர்ந்திருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரை வான் டைக் வரைந்தது. இன்னொன்று, செபாஸ்தியானோ டெல் பியோம்போவின் 'லாசரஸ் எழுப்பப்படுதல்'. கேலரியின் கணக்குப் புத்தகத்தில் முதலாம் எண் அந்த லாசரஸ் படம்தான். இரண்டும் மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். இவற்றைச் சாய்த்து வைக்க ஒரு முக்கோணப் பெட்டி செய்து, அதற்கு யானைப் பெட்டி என்று பேர் வைத்தார்கள். லாரியில் வைத்தால் ஃபெஸ்டினியோக் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே போகவில்லை. பாலத்தைத் தூக்க முடியாது என்பதால் சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம தேர் போறதுக்கு கரண்ட் கம்பிய கழட்டுவாங்களே, அது மாதிரி" என்றாள். ஆமாம், அதே மாதிரிதான். ஓர் ஊர் தனக்கு முக்கியமான ஒன்றுக்காகத் தன் தெருவை மாற்றிக்கொள்வது.

உள்ளே நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. குடைவுக்குள் எப்போதும் ஒரே குளிர், சுவரெல்லாம் ஈரம். அப்படியே விட்டால் படங்கள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் செங்கல் கட்டடங்களுக்குள் காற்றைச் சூடாக்கி 63 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம் கணக்கில் 17 டிகிரியில், வைத்தார்கள். ஈரக் காற்றைச் சூடாக்கினால் அதில் உள்ள நீர் அவ்வளவேதான் இருக்கும், ஆனால் சூடான காற்றால் இன்னும் அதிக நீரைத் தாங்க முடியும் என்பதால் ஈரப்பதம் இறங்கிவிடும். 42 சதவீதத்தில் நின்றது. பகலும் இரவும், கோடையும் குளிரும், அதே 17, அதே 42. மலை வெளியே இருக்கும் வானிலையை உள்ளே விடவே இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டு மரக்கதவு ஊதி இறுகிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறப்போம். பங்குனியில் அதே கதவில் விரல் நுழையும் இடைவெளி விழும். பழைய இத்தாலியப் படங்கள் பலவும் மரப்பலகை மேல் வரைந்தவை. பலகை ஊதிச் சுருங்கும்போது அதன் மேல் இருக்கும் ஐந்நூறு வருட வண்ணம் அதோடு ஊதிச் சுருங்காது. கொப்புளம் கட்டும், செதிலாக உதிரும். லண்டனில் இருந்த வரை இது தீராத வேலை. ஒரு படத்தில் கொப்புளத்தை ஒட்டி முடித்தால் அடுத்தது கிளம்பும். குவாரிக்குள் வந்த பிறகு அந்த வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. படங்கள் அமைதியாகிவிட்டன. ஒரு முழுத் தொகுப்பையும் ஒரே சீரான காற்றில் வருடக்கணக்கில் வைத்துக் கவனிக்கும் வாய்ப்பு அதற்கு முன் கிடைத்ததே இல்லை. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் பழைய தொல்லை மறுபடி தலைகாட்டியது. படங்களுக்குச் சூட்டை விட, குளிரை விட, மாற்றம்தான் பகை என்று அப்போது கண்கூடாகத் தெரிந்தது. கேலரி அறைகளுக்கு ஏர் கண்டிஷன் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மார்ட்டின் டேவிஸ் அங்கேயே இருந்தார். கேலரியின் நூலகமும் படங்களோடு வந்துவிட்டது. கூட்டம் இல்லை, கடிதப் போக்குவரத்துத் தொல்லை இல்லை. ஒவ்வொரு படத்தையும் வேண்டிய நேரம் வைத்துப் பார்க்கலாம். போருக்குப் பிறகு அவர் வெளியிட்ட விரிவான அட்டவணை நூல்களுக்கு அந்த மலை வாசம் அடித்தளமாக இருந்தது. இதைப் படித்த நாட்களில் நான் ஒரு முடிவோடு இருந்தேன். இதுதான் சரியான வழி. மூடு, பூட்டு, சூட்டை அளந்து பார், ஒருவனைக் காவலுக்கு வை, போர் முடியும்வரை யாரும் கிட்டே வர வேண்டாம். என் அம்மா செய்ய நினைத்ததும் இதுதான். அவளிடம் மலை இல்லை, அவ்வளவுதான்.

வீலர் எழுதிய கடிதம்

இந்த நேரத்தில் லண்டனில் கேலரிக் கட்டடம் வெறுமனே கிடக்கவில்லை. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 முதல் அங்கே மதிய உணவு நேரக் கச்சேரிகளைத் தொடங்கியிருந்தார். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். குண்டு விழும் நகரத்தில், படம் இல்லாத சுவர்களுக்கு நடுவே, கோட்டோடு உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள். 1940 அக்டோபர் முதல் 1941 ஏப்ரல் வரை கட்டடத்தின் மேல் ஒன்பது முறை குண்டு விழுந்தது. முதல் குண்டு, ராஃபேல் படங்கள் மாட்டியிருந்த அறையை அழித்தது. ஒரு நாள் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடத்தின் இன்னொரு மூலையில் ஒரு டைம் பாம் வெடித்தது. வாசித்தவர்கள் நிறுத்தவில்லை.

1942 தொடக்கத்தில் புதிதாக வாங்கிய ஒரு ரெம்பிராண்ட் படத்தை, மார்கரெத்தா டி கீர் என்ற மூதாட்டியின் ஓவியத்தை, கேலரியில் சில நாள் வைத்தார்கள். அதையொட்டி சார்லஸ் வீலர் என்ற சிற்பி டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டனின் முகம் முழுக்க வடுவும் காயமுமாக இருக்கும் இந்த நேரத்தில்தான் அழகான ஒன்றைப் பார்க்கும் தேவை எங்களுக்கு முன் எப்போதையும் விட அதிகம் என்றார். பாட்டுக்காரர்களுக்கு அவர்களுடைய பீத்தோவன் கிடைக்கிறார், படம் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஏன் ரெம்பிராண்ட் இல்லை? ஆபத்தைத் துணிந்து ஒரே ஒரு படத்தையாவது கொண்டுவர மாட்டீர்களா என்று கேட்டார்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது குண்டு விழுந்த கட்டடம். ஆபத்தைத் துணிவது என்றால் யாருடைய பொருளை வைத்துத் துணிவது? போனால் வருமா? அந்த வெண்ணெய்த் தாளை நான் கையில் பிடித்திருக்கிறேன், நீங்கள் பிடித்ததில்லை என்று, செத்துப்போன ஒரு சிற்பியிடம் மனதுக்குள் சண்டை போட்டேன். என் கணவரிடமும் போட்டேன். கேட்டவர்கள் யார், குண்டில் வீடு போனவர்களா, இல்லை வெளியூரில் இருந்தவர்களா என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. லண்டன்காரர்கள்தான் கேட்டார்கள். ராத்திரி முழுக்கச் சுரங்க ரயில் மேடையில் படுத்துவிட்டு, காலையில் கண்ணாடித் துண்டு மிதித்து வேலைக்குப் போனவர்கள்.

கேலரி சம்மதித்தது. மாதம் ஒரு படம். எந்தப் படம் வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிரிக்க வைக்கும் படமா, வயல்வெளியா, வீட்டை நினைவூட்டும் டச்சுக் காட்சியா? இல்லை. மேலான மனித நிலையைக் காட்டும் படங்களைத்தான் கேட்டார்கள் என்று கிளார்க் குறித்திருக்கிறார். 1942 மார்ச்சில் வந்த முதல் படம் திஷியன் வரைந்தது. உயிர்த்தெழுந்த இயேசு, மண்டியிட்டு அவரைத் தொடக் கை நீட்டும் மகதலேனா மரியாள். தலைப்பு லத்தீனில் இருக்கிறது. நம் வேதாகமத் தமிழில் அந்த வாக்கியம் 'என்னைத் தொடாதே.' தெருவுக்குத் தெரு ஆட்களைப் பறிகொடுத்திருந்த ஊர், செத்துப்போனவர் எதிரில் நிற்கிறார், ஆனால் தொட முடியாது என்ற படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

மலையிலிருந்து ஒரு படம் கிளம்பும், லண்டனுக்கு வரும், காலியான கட்டடத்தில் ஒற்றையாக நிற்கும். இரவானால் தரைக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போய்விடும். காலையில் மறுபடி மேலே வரும். மாதம் முடிந்தால் மலைக்குத் திரும்பும், அடுத்தது வரும். போர் முடியும்வரை இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் வந்து போயின. ஒரு படத்துக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஆயிரம் படம் தொங்கும்போது யாரும் ஒரு படத்தின் முன்னால் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.

விட்டு வைத்தது

இத்தனையையும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. எல்லா அருங்காட்சியகத்திலும் எல்லாப் பொருளும் மலைக்குள் போகவில்லை. வில்ட்ஷயரில் வெஸ்ட்வுட் என்ற இடத்தில் ஒரு கல் குவாரி இருந்தது. பாத் ஊர்க் கட்டடங்களுக்குக் கல் வெட்டிய வகை, பிறகு காளான் வளர்த்தார்கள். அங்கே பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் 1942 முதல் பொருள்களை வைத்தன. கிரேக்கத்திலிருந்து எல்கின் கொண்டுவந்த பளிங்குச் சிற்பங்கள் லண்டனில் ஆல்ட்விச் சுரங்க ரயில் பாதைக்குள் போயின. அதே சமயம் பிரிட்டிஷ் மியூசியம், போனால் போகட்டும் என்று இரட்டைப் பிரதியாக இருந்தவற்றை வைத்து ஒரு கண்காட்சியை 1940-ல் நடத்தியது. தற்கொலைக் கண்காட்சி என்றே அதற்குப் பேர் விழுந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-ல் கொள்ளையாக எடுத்துப்போன திப்புவின் புலி, ஐரோப்பியச் சிப்பாயின் மேல் பாய்ந்து உறுமும் அந்த மரப் பொம்மை, மலைக்குப் போகவில்லை. லண்டனிலேயே இருந்தது. குண்டு விழுந்து கூரை அதன் மேல் சரிந்து, மரக்கூடு நூற்றுக்கணக்கான துண்டாக உடைந்தது. போருக்குப் பிறகு துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டி 1947-ல் மறுபடி வைத்தார்கள். அதைப் பார்க்கும்போது அந்த ஒட்டுகளை என் கண் தேடுகிறது. எது முதல் பெட்டியில் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் எழுதுகிறார். எழுதுகிறவரின் வீட்டுப் பொருள் மேலே வருகிறது, பிடித்துக்கொண்டு வந்த பொருள் கீழே போகிறது. எங்கள் வீட்டில் டிவி மேலே வந்தது போல.

சாயங்கால வெளிச்சம்

போன வருடம் லண்டனுக்குப் போனபோது திஷியனின் படத்தைத் தேடிப் போய் நின்றேன். நான் நினைத்ததை விடச் சின்னது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம், அவ்வளவுதான். ஆட்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். இயேசு வெள்ளைத் துணியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு உடம்பை வளைக்கிறார், ஆனால் முகம் அவள் பக்கம் குனிந்திருக்கிறது. விலகுகிறாரா, நெருங்குகிறாரா? இருபது நிமிடம் நின்றும் எனக்குத் தெரியவில்லை. வீலர் மேல் இருந்த கோபம் அங்கே இறங்கியது. முழுதாக இல்லை. 1942-ல் அந்த அறையில் ஒரு குண்டு விழுந்திருந்தால் இன்றைக்கு நான் எதன் முன்னால் நின்றிருப்பேன் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த மார்ச் மாதம் அதன் முன்னால் நின்றவர்களிடம் போய், போர் முடியட்டும், பிறகு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலருக்கு அந்தப் பிறகு வரவே இல்லை.

பிளைனாயில் நானும் அம்மாவும் குவாரிக்குப் போகவில்லை. உள்ளே பொதுமக்களை விடுவதில்லை, மேலே ஏறும் பாதையும் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. ஊரின் முனையில் நின்று, மேகம் விலகிய இரண்டு மூன்று நிமிடம் மனோட் மலையைப் பார்த்தோம். 1945-ல் படங்கள் இறங்கிப் போன பிறகும் அந்த இடத்தை அரசாங்கம் 1980-கள் வரை கையில் வைத்திருந்தது, அடுத்த போர் வந்தால் வேண்டுமே என்று. அதைச் சொன்னேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. "மதுரைல உங்க அத்தை கிட்ட பாட்டி போட்டோ ஒண்ணு இருக்கு" என்றாள் திடீரென்று. "கல்யாணம் ஆன புதுசுல ஸ்டுடியோல எடுத்தது. எங்கிட்ட கேட்டப்போ மாட்டேன்னேன். அவதான் அழுது வாங்கிட்டுப் போனா. பதினஞ்சு வருஷம் பேசல நான், அதுக்காக."

எனக்கு அது தெரியாது. அத்தையோடு அம்மாவுக்கு இருந்த மனக்கசப்பின் காரணம் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா மதுரைக்குப் போனாள். அத்தை அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டாள், பிரதி எடுத்துக்கொண்டுதான். வீடியோ காலில் அம்மா காட்டினாள். ஹாலில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள். பாட்டிக்கு இருபது வயதிருக்கும். கையில் ஒரு கைக்குட்டை, பக்கத்தில் ஸ்டுடியோக்காரரின் பூச்சாடி. சாயங்கால வெயில் கண்ணாடியில் விழுந்து பாதி முகத்தை மறைத்தது. "அம்மா, அங்க வேண்டாம், வெயில்ல வெளுத்துடும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபோனைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி எடுத்தபோது படம் பக்கச் சுவருக்கு மாறியிருந்தது, வெயில் எட்டாத இடத்தில். "இப்போ தெரியுதா?" என்று கேட்டாள். தெரிந்தது.